புளிய மர இங்கிலீஷ்

கேட்டவரை ஓட வைக்கும் கேள்விகள் இரண்டு உண்டு. ஒன்று, ‘இது யாருடையது?’ மற்றொன்று, ‘என்ன செய்வதாக உத்தேசம்?’ ஒரு நாளிதழின் வேலூர்ப் பதிப்பில் உதவி ஆசிரியையாக இருந்தபோது, இவற்றைக் கேட்டுவிட்டுச் சட்டைப் பை கிழிந்து திரும்பிய நிருபர்களைப் பார்த்திருக்கிறேன். நிலத் தகராறு என்றால் முதல் கேள்வியால் கிழியும். அரசியல் என்றால் இரண்டாவதால். நான் மேஜையில் உட்கார்ந்து அவர்கள் கொண்டுவருவதைத் திருத்துகிற பக்கம் இருந்ததால் என் உடைக்குச் சேதமில்லை. பிறகு அந்தப் பதிப்பை மூடினார்கள். நான் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனேன். அங்கே ஒரே பாடவேளையில், சாக்பீஸும் கையுமாக நின்று, இரண்டு கேள்விகளையும் கேட்டு முடித்தேன்.

பழியை ஆங்கில இலக்கணத்தின் மேல் போடலாம். ஒரு பொருளுக்குச் சொந்தக்காரர் ஒருவர் என்றால், தலைக்கு மேலே தொங்கும் அந்தச் சின்னக் குறி ‘எஸ்’ எழுத்துக்கு முன்னால் வரும். பலர் என்றால் பெரும்பாலும் எஸ்ஸைத் தாண்டிப் பின்னால் போய் உட்காரும். ஆகவே, எழுதுவதற்கு முன் தெரிந்தாக வேண்டும்: சொந்தக்காரர் எத்தனை பேர்? அடுத்த பாடம், வினைச்சொல்லுக்கு முன்னால் ‘டு’ சேர்த்து வரும் தொடர்கள். தமிழில் நாம் போக, பாட, விற்க என்று சொல்கிற அதே சரக்குதான். ‘வான்ட்ஸ்’ என்ற சொல்லோடு அதைக் கோத்துவிட்டால், ஒரு மனிதர் மனசுக்குள் வைத்திருக்கும் உத்தேசம் வெளியே வந்து விழுந்துவிடும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாடத்திட்டம் எழுதியவர் எந்த ஊரிலும் ஒரு மாதம் சேர்ந்தாற்போல் வாழ்ந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

என் வேலை தற்காலிகம். கல்வியாண்டு முடிந்தால் அதுவும் முடியும். அடுத்த ஆண்டும் நீட்டிப்பதா, அனுப்பிவிடுவதா என்பதை மலைக்குக் கீழே இருந்து வரும் ஓர் ஆய்வு அதிகாரி, என் வகுப்பு ஒன்றை உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்வார். அவர் வேண்டாம் என்றால் எனக்குக் காத்திருந்தது ஒரு ஸ்டூல்.

அந்த ஸ்டூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணமங்கலத்தில் என் மாமியார் ஒரு மாவு மில் வைத்திருக்கிறார். பத்திரிகை வேலை போன மறுநாளே, மில்லில் கேழ்வரகு அரைக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் எனக்காக ஒரு நீல பிளாஸ்டிக் ஸ்டூல் போடப்பட்டது. நான் மலைக்கு வேலைக்குப் போன பிறகும் அதை எடுக்கவில்லை. வேறு யாரையும் உட்காரவும் விடவில்லை. சனிக்கிழமை பஸ்ஸில் நான் வந்து இறங்கும்போதெல்லாம் என் வரவை முன்னிட்டு அது துடைக்கப்பட்டிருக்கும்.

“மல மேல போயி இன்னாத்த சொல்லித் தர்ற? இங்க ஸ்டூலு சும்மாதான கீது” என்பார்.

“வேலை நிரந்தரமாயிடும் அத்தை.”

“ஆவட்டும், ஆவட்டும். ஸ்டூலு இன்னா சோறா கேக்குது?”

(என் கணவர் சேகர் செல்போன் பழுது பார்க்கிறவர். இந்த உரையாடல்களின்போது அவருக்கு எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்க்ரூ கீழே விழுந்துவிடும், அதைத் தேடிக்கொண்டிருப்பார்.)

ஆய்வு என்று தெரிந்ததும் எங்கள் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். அதிகாரி என்ற சொல்லைக் கேட்டாலே சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார்.

“மேடம், கேள்வி கேட்டா பதில் வரணும். அதனால பதில் வர்ற கேள்வியா மட்டும் கேளுங்க.”

அப்படியே செய்தேன். ஒன்பதாம் வகுப்பை இரண்டு வாரம் தயார் செய்தேன். பன்மை உடைமைக்கு ‘தி கேர்ள்ஸ் ஹாஸ்டல்’, அதாவது மாணவிகளின் விடுதி. ‘டு’ தொடர்களுக்குக் கரும்பலகையின் ஓரத்தில் மூன்று கொக்கிகள் எழுதிப் போட்டேன்: ஹேப்பி டு, அஃப்ரெய்ட் டு, அஷேம்ட் டு. மகிழ்ச்சி, பயம், வெட்கம். இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்றேன். பிள்ளைகள் பாடத்தை எந்த அளவுக்குக் கரைத்துக் குடித்தார்கள் என்றால், கடைசி இரண்டு நாட்கள் நான் காலை வணக்கம் சொன்னால்கூட யாராவது ஒருவர் ‘கேர்ள்ஸ் ஹாஸ்டல்’ என்று பதில் சொன்னார்.

மாசி மாதம், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் அதிகாரி வந்தார். ஒல்லியானவர். கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு உலகத்தை அதற்கு மேலாகப் பார்க்கும் பழக்கம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் தலைமை ஆசிரியர், எல்லாப் பொத்தான்களும் போட்ட நிலையில்.

நான் திரும்பிக் கரும்பலகையில் ‘தி கேர்ள்ஸ்’ என்று எழுதியதும் வகுப்பே ‘ஹாஸ்டல்!’ என்றது.

“கொஞ்சம் நிறுத்துங்கம்மா” என்றார் அதிகாரி. “இது நல்லா பழகின மாதிரி இருக்கு. புக்குல இருக்கறது வேணாம். பசங்க தினமும் பாக்கற ஏதாவது பொருளைக் காட்டிக் கேளுங்க.”

இரண்டு வார உழைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் போனது. தினமும் பார்க்கிற பொருள். ஜன்னல் பக்கம் பார்த்தேன். பள்ளியின் மதில் சுவருக்கு அந்தப் பக்கம், வகுப்பறையை எட்டிப் பார்ப்பதுபோல ஒரு பெரிய புளிய மரம் நின்றது. காய்ப்பு அந்த வருஷம் அமோகம்; கிளைகள் பழுப்பு நிறத்தில் தொங்கின.

“லுக் அட் தட் ட்ரீ” என்றேன். “ஹூஸ் ட்ரீ இஸ் இட்?”

ஒரு கையும் உயரவில்லை.

பதில் தெரியாத வகுப்பு நெளியும், சிரிக்கும், பக்கத்தில் இருப்பவரை இடிக்கும். இது அப்படி இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மேஜையைப் பார்த்தார்கள். ஒரு நிருபர் என்றால் அந்த இடத்திலேயே குறிப்பேட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். நான் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் புரியவில்லை என்று முடிவு செய்து, தமிழில் இன்னும் தெளிவாகக் கேட்டேன்.

“அந்தப் புளிய மரம் யாருது?”

பின்னால் தலைமை ஆசிரியர் தலையை வேகமாக இடமும் வலமும் ஆட்டினார். அவருடைய தலையாட்டலை ஓர் உற்சாகமூட்டலாக எடுத்துக்கொண்ட ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த விக்னேஷ் எழுந்தான். “டீச்சர், அத மட்டும் கேக்கக் கூடாது டீச்சர்.”

“ஏன் கேக்கக் கூடாது?” என்று அதிகாரி ஆர்வத்தோடு முன்னால் நகர்ந்தார்.

ஏன் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். நீங்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. மரம் நிற்கிற கொல்லை விக்னேஷின் அப்பா காளியுடையது. மரத்தை வைத்தது அதே வகுப்பில் படித்த சந்தியாவின் கொள்ளுத் தாத்தா. சந்தியாவின் அப்பா வெள்ளையனும் காளியும் பங்காளிகள். முறையில் வெள்ளையன் அண்ணன், காளி தம்பி. ஒவ்வொரு மாசியிலும் வெள்ளையன் மரத்தில் ஏறி உலுக்குவார். காளி வீட்டார் கீழே சாக்கு விரித்துப் பொறுக்குவார்கள். பிறகு ஒரு கூடை இவருக்கு, ஒரு கூடை அவருக்கு. பழம் யாருக்கு என்பதில் என்றைக்கும் சண்டை கிடையாது. மரம் யாருது என்று யாரும் சொல்வதும் கிடையாது. சொன்னால் ஊர் கூடித் தீர்க்க வேண்டும், தீர்த்தால் ஒரு வீடு தோற்க வேண்டும். அதனால் ஊர் முழுக்க அதற்கு ‘ஸ்கூல் ஓரத்து மரம்’ என்றுதான் பெயர்.

“எங்களுது” என்றாள் சந்தியா. மிகவும் மெதுவாக. கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று இரண்டு வாரமாக நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

“யாரு சொன்னது? கொல்ல எங்களுது” என்றான் விக்னேஷ்.

என் முகம் மலர்ந்தது. (இதை நினைத்தால் இன்றும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.) இரண்டு குடும்பம்! சொந்தக்காரர் பலர்! பன்மை உடைமைக்கு இதைவிட உயிருள்ள உதாரணம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்? ‘தி ஃபேமிலீஸ் ட்ரீ’ என்று பெரிதாக எழுதி, குறியை எஸ்ஸுக்குப் பின்னால் ஆணி அடிப்பதுபோல் அடித்தேன். ஒரு சாக்பீஸ் துண்டால் சொத்துத் தகராறைத் தீர்த்துவைத்த பெருமையோடு திரும்பினேன்.

அதிகாரி புன்னகை செய்தார். என் மனக்கண்ணில் நீல ஸ்டூல் ஓரடி பின்வாங்கியது.

“அருமை. அதே மரத்த வெச்சே அடுத்ததுக்குப் போங்க” என்றார்.

போனேன். “வான்ட்ஸ் டு” என்று எழுதினேன். “இந்த மரத்த வெச்சு உங்க வீட்ல என்ன செய்யறதா இருக்காங்க? ஒரு முழு வாக்கியமா சொல்லுங்க. சந்தியா!”

அவள் எழுந்து நின்றாள். கரும்பலகையைப் பார்த்தாள். உதடுகள் ஒருமுறை சத்தமில்லாமல் ஒத்திகை பார்த்தன. பிறகு, அந்த ஆண்டு முழுவதிலும் என் வகுப்பில் யாரும் சொல்லாத அளவுக்குப் பிழையில்லாத வாக்கியம் ஒன்று வந்தது.

“மை ஃபாதர் வான்ட்ஸ் டு செல் தி ட்ரீ டு எ மெர்ச்சன்ட் இன் ஒடுகத்தூர்.”

அதிகாரி கை தட்டினார். தனியாக.

விக்னேஷ் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே கத்தினான். “ப்பா! மரத்த விக்கப் போறாங்களாம்பா! ஒடுகத்தூர் யாவாரிக்காம்!”

கொல்லையில் மாடு கட்டிக்கொண்டிருந்த காளி நிமிர்ந்தார். கயிற்றைக் கீழே போட்டார். எதிர்ச் சரிவைப் பார்த்துக் கைகளை வாயருகே குவித்து ஒரு நீளமான குரல் கொடுத்தார். அந்தச் சரிவிலிருந்து பதில் குரல் வந்தது. அதற்கும் அப்பால் இன்னொரு குரல்.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “பசங்க நல்லா ஆர்வமா இருக்காங்க. தொடருங்க.”

தொடர்ந்தேன். வேறு என்ன செய்வது? “டு ரன்” என்று எழுதினேன். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஓடி வந்துகொண்டிருந்தார். “டு கேரி” என்று எழுதினேன். வந்தவர் தோளில் கொடுவாள் இருந்தது. விறகுக்குப் போனவராகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. யாரும் சத்தம் போடவில்லை. தலைமை ஆசிரியர் எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினார்.

“ஏன் சார் மூடறீங்க? புழுங்குது” என்றார் அதிகாரி.

“காத்து வருது சார்.”

“காத்து வர்றதுக்குத்தானே சார் ஜன்னல்?”

திறந்தார். அதற்குள் கூட்டம் அங்கே இல்லை. ஒரு கணம் நிம்மதியாக மூச்சு விட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று.

முன்னால் ஊர்க் கவுண்டர் நின்றார். ஊர் வழக்குகளில் கடைசி வார்த்தை அவருடையது. ஒரு பக்கம் காளி, மறுபக்கம் சரிவிலிருந்து வந்து மூச்சு வாங்கும் வெள்ளையன். செருப்புகளை வெளியே கழற்றிவிட்டு வகுப்புக்குள் வந்தார்கள். அவ்வளவு மரியாதையோடு வரும் கோபத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

“டீச்சரு, மரம் யாருதுன்னு போர்டுல எழுதிக்கீறீங்களாமே?” என்றார் ஊர்க் கவுண்டர்.

தலைமை ஆசிரியர் டஸ்டரை நோக்கி ஒரு பாய்ச்சல் பாய்ந்தார்.

“அழிக்காதீங்க சார். பள்ளிக்கூடத்துல எழுதினது. இன்னா எழுதிக்கீதோ அதப் படிங்க.”

படித்தேன். தமிழிலும் சொன்னேன். “ரெண்டு குடும்பத்தோட மரம்னு எழுதியிருக்கு.”

“ரெண்டு வூட்டுதா?” என்றார் வெள்ளையன். “எங்க தாத்தா ஊனி தண்ணி ஊத்தின மரம், எப்பலேந்து ரெண்டு வூட்டுதாச்சு?”

“பாத்தீங்களா!” என்றார் காளி. “டீச்சரு எழுதினதே எனக்கு ஒப்பலதான். கொல்ல எங்களுது. ரெண்டு வூட்டுதுன்னே வெச்சிக்கினாலும், விக்கறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணுமா இல்லியா ணா? ஒடுகத்தூர் யாவாரிக்குத் தெரியுது, எனக்குத் தெரியல. நான் இன்னா செத்தா பூட்டேன்?”

வெள்ளையன் தோள் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார்.

“சார் பெரிய ஆபீசரு. சாரு சொல்லட்டும், மரம் யாருது?” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. எல்லாக் கண்களும் கடைசி பெஞ்சுக்குத் திரும்பின. பிள்ளைகள் தினமும் பார்க்கிற பொருளைக் கேட்ட மனிதர், கண்ணாடியை மூக்கின் நுனியிலிருந்து மேலே தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் நீட்டிப்பு உத்தரவு நாலாக மடித்துக் கிழிபடும் சத்தம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. மாவு மிஷின் ஓடும் சத்தமும்.

பத்திரிகை மேஜையில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. நிருபர் எதைக் கொண்டுவந்தாலும் ஒரே கேள்வி கேட்பேன்: ஏன்னு கேட்டீங்களா? அந்த நேரத்தில் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

“எதுக்குங்க விக்கணும்?” என்றேன் வெள்ளையனிடம்.

அவர் முகம் சிவந்ததைப் பார்த்துக் கூட்டம் நெருங்கியது. “கள்ளத்தனம் இல்லன்னா சொல்ல வேண்டியதுதான?” என்றது ஒரு குரல். காளி வீட்டு ஆள் ஒருவர் ஓரடி முன்னால் வைத்தார். வெள்ளையன் வீட்டு ஆளும் வைத்தார். கொடுவாள் வைத்திருந்தவர் அதைத் தோள் மாற்றினார்.

அப்போது சந்தியா எழுந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்து, ஆங்கிலத்தில் சொன்னாள்.

“சார், மை ஃபாதர் இஸ் நாட் ஏபிள் டு க்ளைம்ப். ஹிஸ் நீ இஸ் பேட். ஹி இஸ் அஷேம்ட் டு டெல் மை அங்கிள்.”

அப்பாவால் ஏற முடியவில்லை. முட்டி கெட்டுவிட்டது. சித்தப்பாவிடம் சொல்ல வெட்கப்படுகிறார்.

மரத்தில் ஏறுகிறவர் அந்த வீட்டின் மூத்தவர். ஏற முடியவில்லை என்று ஊர் நடுவில் சொல்வதைவிட, யாரிடமும் சொல்லாமல் மரத்தையே விற்றுவிடுவது அவருக்குச் சுலபமாகத் தோன்றியிருக்கிறது. யாவாரி தன் ஆட்களோடு வந்து ஏறிக்கொள்வார். வெள்ளையன் முட்டியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அதை அவர் மகள், அந்த அறையில் ஊர்ப் பெரியவர்கள் யாருக்கும் புரியாத மொழியைத் தேர்ந்தெடுத்து, அதிகாரியின் கையில் கொடுத்துவிட்டாள்.

பெரியவர்களுக்கு முழுவதும் புரியாமலும் இல்லை. “அங்கிள்னா நான்தான?” என்றார் காளி. “என்னப் பத்தி இன்னா சொல்லுது அது? டீச்சரு, தமிழ்ல சொல்லுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெள்ளையனும் பார்த்தார். மகள் என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் கை தானாகவே வலது முட்டியின் மேல் போய் நின்றது.

வேலை பார்த்த காலம் முழுவதும் ஒருவர் சொன்னதை மாற்றி அச்சேற்றியதில்லை என்று பெருமை பேசுகிறவள் நான். அன்றும் முட்டி ஒன்றைத் தவிரச் சொற்கள் எதையும் விடவில்லை. அப்பா, ஏறுவது, வெட்கம், சித்தப்பா, எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டேன். வரிசையை மட்டும் மாற்றினேன்.

“இந்த வருஷம் மரத்துல சித்தப்பா வூட்டு ஆளுங்க ஏறணும்னு அவங்கப்பாவுக்கு ஆசையாம். அதக் கேக்கத்தான் வெக்கமா இருக்காம்.”

காளியின் முகம் ஒரு நொடி வெறுமையானது. பரம்பரை பரம்பரையாகக் கீழே சாக்கு விரித்த வீடு அது. பிறகு சுதாரித்துக்கொண்டார். “அப்ப யாவாரி?”

நான் அதிகாரியைப் பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியும். அந்த அறையில் என் பொய்யைத் தெரிந்த பெரியவர் அவர் ஒருவர்தான் (தலைமை ஆசிரியர் சமூக அறிவியல், அவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை). ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலையும் போகும், வெள்ளையன் மானமும் போகும்.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். “யாவாரின்னு சொன்னது பாடத்துக்காகங்க. உதாரணம்.”

“உதாரணம்னா?” என்றார் ஊர்க் கவுண்டர்.

“நிஜம் இல்ல. பாடம் புரியறதுக்காகச் சொல்றது.”

“நெசம் இல்லாததையா சார் புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றீங்க?”

“இங்கிலீஷ்ல கொஞ்சம் அப்படித்தாங்க” என்றார் அதிகாரி.

முடிந்தது என்று நினைத்தேன். காளி விடவில்லை. மகன் பக்கம் திரும்பினார். “டேய் விக்னேசு. நீயும் இங்கதான படிக்கிற? சந்தியா சொன்னதும் டீச்சரு சொன்னதும் ஒண்ணுதானா?”

வகுப்பை மறந்தே போயிருந்தேன். ஆண்டு முழுவதும் நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால், விக்னேஷுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும், நான் பொய்க்காரி. அவனுக்குப் புரியவில்லை என்றால், கடைசி பெஞ்சில் அதிகாரியை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்காத டீச்சர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்டூல்.

விக்னேஷ் கரும்பலகையைப் பார்த்தான். ஓரத்தில் நான் எழுதிப் போட்ட ‘அஷேம்ட் டு’ அங்கேயே இருந்தது. சந்தியாவைப் பார்த்தான். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரியப்பாவின் முட்டியைப் பார்த்தான்.

“ஒண்ணுதாம்பா” என்றான்.

காளி பெருமூச்சு விட்டார். “இதக் கேக்கறதுக்கு இன்னாத்துக்கு ணா வெக்கம்? ஏறுடான்னா ஏறப் போறோம்.”

“ஏறுங்கடா” என்றார் வெள்ளையன். “பாத்து ஏறுங்க. தெக்கு வாது நொய்யி. அதுல கால வெக்காதீங்க.”

கூட்டம் தளர்ந்தது. நான் நாற்காலியில் உட்காரப் போனேன்.

“டீச்சரு, நில்லுங்க” என்றார் ஊர்க் கவுண்டர். “மரம் யாருதுன்னு கேட்டாச்சு. கேட்டவங்க சும்மா போவ முடியாது, அது எங்க வழக்கம். வருசா வருசம் உலுக்கற அன்னிக்கு நீங்க மரத்தடியில வந்து நிக்கணும். உங்களுக்கும் ஒரு கூட. மூணாவது ஆளு ஒருத்தரு வாங்கினாதான் அப்பால யாருதுன்னு பேச்சு வராது.”

“எத்தனை வருஷத்துக்குங்க?”

“மரம் கீற வரைக்கும்.”

நான் தண்டனையை யோசித்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து அதிகாரியின் குரல் வந்தது. “அப்போ அடுத்த வருஷமும் இவங்க இங்கதான் இருந்தாகணும்னு சொல்றீங்க.”

“இல்லன்னா எப்பிடி சார்? கேட்டது அவங்கதான?”

அதிகாரி ஜீப்பில் ஏறும்போது என்னை அருகே கூப்பிட்டார். “இங்கிலீஷ் கிளாஸ் நல்லா இருந்துச்சும்மா. அந்தப் பொண்ணுக்கு வாக்கியம் எவ்வளவு சுத்தமா வருது!” என்றார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “உங்க மொழிபெயர்ப்புதான் ரொம்ப வீக்.”

நீட்டிப்பு உத்தரவு வந்தது. அதற்கு முன்பே, ஆங்கில ஆசிரியர்களுக்கான மொழிபெயர்ப்புப் பயிற்சி ஒன்றுக்கு என் பெயர் மட்டும் பரிந்துரைக்கப்பட்டு ஒரு கடிதமும் வந்தது. போய்விட்டு வந்தேன். அங்கே கற்றுக்கொள்ள எனக்குப் புதிதாக எதுவும் இருக்கவில்லை.

(வெள்ளையன் பிறகு முட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, வேட்டியைத் தூக்கித் தூக்கி அந்தத் தையலை ஊர் முழுக்கக் காட்டிவிட்டார். பேருந்து நிறுத்தத்தில் எனக்கும் காட்டினார். ஆகவே இதை எழுதுவதில் இப்போது ரகசியம் எதுவும் இல்லை.)

மாசி வந்தால் நான் மரத்தடியில் நிற்கிறேன். இப்போது ஏறி உலுக்குவது விக்னேஷ். கல்லூரிக்குப் போய்விட்டான், இருந்தாலும் அந்த ஒரு நாளுக்கு வந்துவிடுவான். போன முறை கீழே இறங்கியவனிடம் நெடுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். “டேய், அன்னிக்கு சந்தியா சொன்னது உனக்கு நிஜமாவே புரிஞ்சுதா?”

தலையில் ஒட்டியிருந்த புளிய இலைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே சிரித்தான். “ஐ ப்ராமிஸ்ட் சந்தியா நாட் டு டெல், டீச்சர்.”

சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். நான் நல்ல ஆசிரியைதான் என்று எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது.

வீட்டில் நிலைமை வேறு. யாரோ சொன்னதாக நான் எதைச் சொன்னாலும் சேகர் ஸ்க்ரூ தேடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். “நெசமாவே அவங்க அப்பிடிதான் சொன்னாங்களா, இல்ல இதுவும் புளிய மர இங்கிலீஷா?” என் நாத்தனாரின் பிள்ளைகள்வரை இது பரவிவிட்டது.

நீல ஸ்டூல் இன்னும் மில்லில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் மலையிலிருந்து நான் தூக்கிவரும் புளிக்கூடை அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. மாவு அரைக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, “நல்ல புளியா கீதே, யாருதுங்க?” என்று கேட்பார்கள். என் மாமியார் உடனே விரலை உதட்டில் வைத்துக்கொள்வார். மிஷினை நிறுத்துவார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்துவார்.

“மெல்லமா கேளும்மா. எம் மருமவ காதுல வுழுந்துதுன்னா போர்டுல எழுதிப் போட்டுடுவா.”